தலைவருக்குத் தூக்கம் வந்தது

சிங்காரவேல் பேசமாட்டார். ஊமை இல்லை, பேசும்படியாக உலகத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று தீர்மானித்துவிட்ட மனிதர், அவ்வளவுதான். நெய்வேலிச் சுரங்கத்தில், கரியை அள்ளிச் செல்லும் கன்வேயர் பெல்ட் மெயின்டனன்ஸில் வேலை. பெல்ட் போடுகிற இரைச்சலில் பேசினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது என்பதால், அந்த வேலைக்கும் அவருக்கும் பத்துப் பொருத்தமும் கூடியிருப்பதாகக் கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் கண்ணகி, "குழம்பு எப்படிங்க இருக்குது?" என்று கேட்டால் "ம்" என்பார். உப்புக் கூடினாலும் "ம்", புளி குறைந்தாலும் "ம்". அந்த "ம்"களுக்குள் என்ன வித்தியாசம் என்று பிரித்துத் தெரிந்துகொள்ளவே அவளுக்குச் சில வருஷங்கள் ஆயின.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு மாசி மாதத்தில் பேச ஆரம்பித்தார்.

முதலில் போனது தூக்கம். செக்‌ஷனில் ஆள் பற்றாக்குறை என்று தொடர்ந்து நைட் ஷிப்ட் போட்டிருந்தார்கள். காலையில் வீட்டுக்கு வந்தால் குளித்துவிட்டுப் படுக்கிறவர், ஒருநாள் படுக்காமல் வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்க் குவார்ட்டர்ஸ் மாடிப்படியைக் கழுவத் தொடங்கினார். அது நான்கு குடித்தனத்துக்கும் பொதுவான படி. பொது என்பதால் கட்டிய நாளிலிருந்து யாரும் கழுவியதில்லை. மறுநாள் அடுத்த கட்டடத்தின் படி. அதற்கு மறுநாள் பூங்காவின் சிமென்ட் பெஞ்சு.

"செத்த நேரம் படுத்து எழுந்திரிங்களேன். கண்ணு இன்னா இப்படிச் செவந்து கெடக்குது?" என்றாள் கண்ணகி. வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் அவள். தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தூக்கமா? தூக்கம் எதுக்குக் கண்ணகி? தூங்கறவன் தேங்கறான், தேங்கறவன் ஏங்கறான், ஏங்கறவன் எதையும் தாங்கமாட்டான்!"

அவள் கையிலிருந்த கத்தரிக்கோல் அப்படியே நின்றது. இத்தனை வருஷ வாழ்க்கையில் அவர் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை. ஏதோ இரவல் வாங்கி வந்த குரல் மாதிரி இருந்தது.

டவுன்ஷிப்பில் அவர்கள் இருந்த பிளாக்கில் குடியிருப்போர் நலச் சங்கம் என்று ஒன்று உண்டு. அதன் செயலாளர் செந்தில்நாதன், சுரங்க அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்ட். சங்கம் கூடினால் அவரும், கணக்கு வாசிக்கிற பொருளாளரும், டீ கொண்டுவருகிற ஆளும் மட்டும் இருப்பார்கள் என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை. அந்த மாசக் கூட்டத்துக்குச் சிங்காரவேல் தாமாகவே போனார். கூப்பிடாமலே எழுந்தார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லாததைப் பற்றிப் பேச ஆரம்பித்து, காக்காய், காற்று, கரித்தூள், கண்ணீர், கடமை என்று போய்க்கொண்டே இருந்தார். பேட்மின்டன் ஆடிக்கொண்டிருந்தவர்கள் மட்டையோடு வந்து நின்றார்கள். வாக்கிங் போனவர்கள் நின்றார்கள். "மூடியில்லாத் தொட்டி, முடிவில்லாப் பட்டி, இதை முடிக்காதவன் வேட்டி, கட்டுவதென்ன போட்டி!" என்று அவர் முழங்கியபோது அதற்கு என்ன பொருள் என்று யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் எதுகை சரியாக விழுந்தால் பொருளைக் கேட்கிற பழக்கம் கிடையாது. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

மறுநாள் அதே வேகத்தில் பராமரிப்பு ஆபீசுக்குப் போனார். அங்கிருந்த என்ஜினீயர் முதலில் உட்காரச் சொன்னார், பிறகு தண்ணீர் குடிக்கச் சொன்னார், கடைசியில் அவர் பேச்சை நிறுத்த வேறு வழி தெரியாமல் தொட்டிக்கு மூடி போட ஆளை அனுப்பிவிட்டார். பல காலமாக மனுமேல் மனு கொடுத்தும் வராத மூடி சாயங்காலத்துக்குள் வந்து உட்கார்ந்தது. சிங்காரவேலுக்குச் சால்வை போட்டார்கள். தலைவர் பதவி காலியாகத்தான் இருந்தது. அதையும் போட்டார்கள்.

வீட்டுக்குள் நடப்பதைக் கண்ணகி மட்டும்தான் பார்த்தாள். தட்டில் சோற்றைப் போட்டால் இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறார். சொன்னதையே சுற்றிச் சுற்றிச் சொல்கிறார். குறுக்கே பேசினால் சீறுகிறார். சீறிய கையோடு சிரிக்கிறார். புதுச்சேரியில் தங்கிப் படிக்கிற மகள் சத்யப்பிரியா போன் செய்து, "அம்மா, அப்பா எங்கிட்டப் போன்ல பேசினாரும்மா. கிளாஸ் முடிஞ்சு வந்தப்ப ஆரம்பிச்சாரு, சாப்பிடப் போற வரைக்கும் வைக்கல. நான் பேசவே இல்ல, கேட்டுகினுதான் இருந்தேன். அப்பாவுக்கு என்னம்மா?" என்றாள்.

கண்ணகி செந்தில்நாதனிடமே போய்க் கேட்டாள்.

"சார், அவர் தூங்கறதே இல்ல சார். எனக்குப் பயமா இருக்குது."

செந்தில்நாதன் கலகலவென்று சிரித்தார். "ஏம்மா, புருஷன் வேலை செய்யலன்னு அழுதுட்டு வர்ற பொம்பளைங்களைப் பார்த்திருக்கேன். வேலை செய்யிறார்னு அழறது நீங்க ஒருத்தர்தான். பெரிய மனுஷங்க யாரும்மா தூங்கறாங்க? விடுங்க."

பிளாக்கே அப்படித்தான் சொல்லியது. இந்த எழுச்சிக்குக் காரணம் என்ன என்பதில்தான் கருத்து வேறுபாடு. வடலூரில் பூச ஜோதி பார்த்ததன் பலன் என்றார் ஒருவர். மூச்சுப் பயிற்சி என்றார் இன்னொருவர். மேல்வீட்டு அம்மாள் ரவிக்கை அளவு கொடுக்கிற சாக்கில் வந்து, "வூட்டுக்காரருக்குக் காலையில இன்னா கொடுக்கிறீங்க? எங்க வூட்டு மனுஷன் எப்பப் பாரு சோபாவுலயே கெடக்குது. கொஞ்சம் கரைச்சுக் கொடுக்கலாம்னுதான்" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டுவிட்டுப் போனாள்.

பிறகு தானம் ஆரம்பமாயிற்று. தலைவர் வீட்டில் எதற்கு இத்தனை பொருள் என்று சிங்காரவேலுக்குத் தோன்றிவிட்டது. மிக்சி கீழ்வீட்டுக்குப் போயிற்று. புதுக் குக்கர் எதிர்வீட்டுக்கு. டிவியைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். கண்ணகி குளித்துவிட்டு வெளியே வந்தபோது தையல் மெஷின் இருந்த இடத்தில் நூல் கண்டு மட்டும் உருண்டுகொண்டிருந்தது. பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வருகிற சாமியம்மாளின் தலையில் மெஷினை ஏற்றி அனுப்பியிருந்தார்.

அன்றைக்குத்தான் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். "என் கையி அதுதாங்க. என் கையையே வெட்டித் தூக்கிக் கொடுத்துட்டு வந்து நிக்கிறீங்களே!" அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துவிட்டு, இந்த டவுன்ஷிப்பில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு மெஷின் வரப்போகிறது என்றும், அதற்கான திட்டம் தம் தலைக்குள் தயாராக இருக்கிறது என்றும் விளக்கினார். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

சாமியம்மாள் மறுநாளே மெஷினைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டாள். "கோச்சுக்காதீங்கக்கா. எங்க வூட்டுல இத வச்சா நாங்க வெளிய படுக்கணும்" என்றாள். மிக்சியும் குக்கரும் அப்படி இடப் பற்றாக்குறையால் அவதிப்படவில்லை. போன இடத்திலேயே சௌக்கியமாக இருந்தன. தலைவரின் பெருந்தன்மையை அந்தந்த வீட்டார் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் புகழ்ந்தார்கள்.

பங்குனியில் அது நடந்தது. ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டை ஆபத்துக் காலத்தில் நிறுத்துவதற்காக அதன் ஓரம் நெடுகிலும் ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். அதைச் சிங்காரவேல் இழுத்தார். ஆபத்து ஒன்றும் இல்லை. பேச வேண்டியிருந்தது, இரைச்சலாக இருந்தது. பெல்ட் நின்றது. சுரங்கத்தின் அந்தப் பகுதி முழுக்க அமைதியாயிற்று. அவர் நடைமேடையில் ஏறி நின்று, பூமித்தாய் தம்மிடம் சொன்ன செய்தியைத் தொழிலாளத் தோழர்களுக்கு அறிவிக்கத் தொடங்கினார். செய்தி பாதி முடிவதற்குள் பாதுகாப்பு ஆட்கள் வந்து அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். ஜீப்பிலும் தொடர்ந்தார். மேலதிகாரி விளக்கம் கேட்டு மெமோ கொடுத்து, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

அந்த ஒரு கயிற்றில் பிளாக்கின் அபிப்பிராயமும் சட்டென்று நின்று, மறுபக்கமாக ஓடத் தொடங்கியது. "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவள் ஒருத்திதான். அவளைப் பார்த்தே சொன்னார்கள். இப்போதும் காரணங்களுக்குக் குறைவில்லை. குடி என்றார்கள், அவர் பாக்குக்கூடப் போடுவதில்லை. பெண்டாட்டியின் வாய் என்றார்கள். வாஸ்து தெரிந்த ஒருவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கழிப்பறை கூடாத மூலையில் இருப்பதாகக் கண்டுபிடித்தார்.

"எல்லா குவார்ட்டர்ஸ்லயும் அதே மூலையிலதாங்க இருக்குது. உங்க வூட்டுலயும்" என்றாள் கண்ணகி.

அவர் யோசித்துவிட்டு, "அதான் எனக்கும் சில நாள் தலை வலிக்குது" என்று கவலையோடு எழுந்து போனார்.

சிங்காரவேலின் அண்ணன் அறிவுச்செல்வன் வடக்குத்திலிருந்து வந்தார். நிலம் நீச்சு பார்ப்பவர். தம்பி மேல் உயிர். "ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு போயி ஊரு பூரா பேச்சாக்காத, கண்ணகி. யாரோ செஞ்சி வச்சிருக்கான். எனக்குத் தெரிஞ்ச பூசாரி ஒருத்தரு குள்ளஞ்சாவடிக்கு அந்தாண்ட இருக்காரு. ஒரே அமாவாசை, சரியாப் பூடும்" என்றார். கண்ணகிக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் மூழ்குகிறவள் எந்தக் கொடியையும் பிடித்துத்தான் பார்ப்பாள். போனார்கள்.

பூசாரி எலுமிச்சம்பழத்தை அறுத்து, உடுக்கையை அடித்து, கண்ணை உருட்டி, "யாரு நீ? எங்கேருந்து வந்த?" என்று கேட்டார்.

"சிங்காரவேல். கன்வேயர் மெயின்டனன்ஸ். நெய்வேலி" என்றார் சிங்காரவேல்.

"உன்ன அனுப்பினது யாரு?"

"எங்க அண்ணன். இதோ நிக்கிறாரு பாருங்க. நீங்க வர்ற வழியெல்லாம் தண்ணி தேங்கி நிக்குதே, அதப் பாத்தீங்களா? தேங்கினா கொசு, கொசு வந்தா காய்ச்சல், காய்ச்சல் வந்தா கூச்சல்..." என்று தொடங்கினார். கோயிலைச் சுற்றி வடிகால் எப்படி வெட்ட வேண்டும், வேப்பிலையை எப்படி உரமாக்கலாம், உடுக்கையின் தோலை இன்னும் எப்படி இழுத்துக் கட்டலாம் என்பதை எல்லாம் சொன்னார். பூசாரி முதலில் அதட்டினார். பிறகு கேட்டார். பிறகு திண்டாடினார். வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு அறிவுச்செல்வனைத் தனியே அழைத்தார்.

"இவரு மேல ஒண்ணும் இல்லிங்க. இருந்திருந்தாலும் இந்தப் பேச்சுக்கு நின்னுருக்காது, எப்பவோ ஓடிப் போயிருக்கும். ரொம்ப வெவரமான மனுஷரா இருக்காரு. எம் பையனுக்கு வேலைக்குச் சொல்ல முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

திரும்புகிற பஸ் குறிஞ்சிப்பாடி வந்ததும், அறிவுச்செல்வன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "எங்க அப்பாரும் ஒரு தபா இப்படித்தான் இருந்தாரு" என்றார். "அடுத்தவன் நெலத்தையும் சேத்து உழுதாரு. சாமி வந்திருக்குதுன்னு ஊரே கால்ல வுழுந்துது. அப்புறம் ரொம்ப நாளு மொகம் கொடுத்துப் பேசாம பாயிலயே கெடந்தாரு. அப்ப சோம்பேறின்னு திட்டினோம்." கண்ணகி அவரைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை காலம் இந்தக் குடும்பத்தில் ஒருவரும் அவளிடம் இதைச் சொன்னதில்லை.

கடலூரில் மனநல மருத்துவர் ஒருவர் இருப்பதை மகள்தான் விசாரித்துச் சொன்னாள். ஆனால் சிங்காரவேல் வரவேண்டுமே. தமக்கு உடம்பில் இதைவிட ஆரோக்கியம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்றார். பொய் சொல்லி அழைத்துப் போகக் கண்ணகிக்கு மனம் வரவில்லை. யோசித்துப் பார்த்து, இருக்கிற உண்மைகளில் ஒன்றைச் சொன்னாள்.

"எனக்குத் தூக்கம் இல்லிங்க. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. டாக்டரப் பாக்கணும். தொணைக்கு வாங்க."

"இத முன்னமே சொல்லக்கூடாதா!" என்று அவர் உடனே சட்டையை மாட்டினார்.

டாக்டர் இளவேனில் நடுவயதுப் பெண். கண்ணகியின் படபடப்பைக் கேட்டு, நாடி பார்த்து, "எதனால தூக்கம் வரல?" என்றார். கண்ணகி கணவரைப் பார்த்தாள். அதற்குள் சிங்காரவேல் மருத்துவமனையில் நோயாளிகள் உட்காரும் வரிசையை மாற்றியமைப்பது பற்றித் தொடங்கியிருந்தார். டாக்டர் தடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே நடுநடுவே ஒரு கேள்வியை மட்டும் செருகினார். கடைசியாக எப்போது அசந்து தூங்கினீர்கள்? எண்ணம் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு ஓடுகிறதா? குடி, கஞ்சா, வேறு ஏதாவது மருந்து உண்டா? பிறகு கண்ணகியிடம், இதற்கு முன்னால் எப்போதாவது இதற்கு நேர்மாறாக இருந்திருக்கிறாரா என்று கேட்டார்.

"நேர்மாறான்னா?"

"எதுலயும் நாட்டமில்லாம, குளிக்காம, சாப்பிடாம, வாரக்கணக்குல முடங்கிப்போயி..."

கண்ணகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமியார் செத்த வருஷம் அவர் அப்படித்தான் கிடந்தார். முதுகுவலி என்று லீவு போட்டிருந்தார்கள். முதுகுக்கு எத்தனையோ தைலம் தேய்த்தாள். மாமனாரைப் பற்றிக் கேட்டதையும் சேர்த்துச் சொன்னாள்.

தைராய்டால் இப்படி ஆகிறதா என்று பார்க்கவும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் ரத்தம் எடுக்கச் சொன்னார் டாக்டர். பிறகு, மேலே ஏறுவதும் கீழே விழுவதும் இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம் என்று விளக்கினார். பைபோலார் என்பார்கள், இருதுருவ மனநோய் என்றும் சொல்வார்கள். இன்ன ஒன்றினால்தான் வந்தது என்று விரல் நீட்ட முடியாது. குடும்பத்தில் இருக்கலாம், மூளையின் வேலையில் இருக்கலாம், தொடர்ந்து தூக்கம் கெட்டது அதைத் தட்டி எழுப்பியிருக்கலாம்.

"ஆனா டாக்டர், இவரு அடுக்கடுக்காப் பேசறதுக்கு ஜனங்க கை தட்டறாங்களே?" என்றாள் கண்ணகி.

டாக்டர் சிரிக்கவில்லை. "மேடையில பேசறவங்க கீழ எறங்கினதும் நிறுத்திடுவாங்கம்மா. இவரால நிறுத்த முடியல. வார்த்தையோட ஓசை இவரை இழுத்துட்டுப் போவுது. இவர் சந்தோஷமா இருக்கற மாதிரிதான் தெரியும். ஆனா ஸ்டியரிங் இவர் கையில இல்ல."

சிங்காரவேல் அப்போதுதான் தம்மைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கண்டுகொண்டு எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "எனக்கா நோயி? தலைவருக்கா?" என்று கத்தினார். கண்ணகி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. டாக்டர் பதறாமல், கொடுக்கப்போகிற மருந்து என்ன என்று விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். லித்தியம் என்று ஒரு மாத்திரை, அது ஒரு வகை உப்பு, மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் எடுப்பது என்றார்.

சிங்காரவேலின் குரல் இறங்கியது. "மண்ணுலேருந்தா? தோண்டியா எடுக்கறாங்க?"

"தோண்டியும் எடுக்கறாங்க."

"எந்த ஆழத்துல?"

அது டாக்டருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னார். தெரியாது என்று சொல்கிற டாக்டரைச் சிங்காரவேலுக்குப் பிடித்துப்போயிற்று. பூமித்தாய் கொடுப்பதாக இருந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தார். சில வாரம் அங்கேயே தங்கி வைத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள். தங்கினார். தூங்கினார். விழித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். கண்ணகியும் பக்கத்தில் பெஞ்சில் சுருண்டு தூங்கினாள்.

ஏறியவர் இறங்கத்தானே வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு அவர் இறங்கிக்கொண்டே போனார். சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். மருந்தினால் கை லேசாக நடுங்கியது; செம்பு செம்பாகத் தண்ணீர் கேட்டார். பேச்சு "ம்" என்பதற்கும் கீழே போய்விட்டது. இப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே எச்சரித்து, மருந்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளாக்குக்கு அந்தப் பொறுமை இல்லை. "சிங்கம் மாதிரி இருந்த மனுஷனை மாத்திரையக் கொடுத்துச் சுருட்டிட்டா" என்றார்கள். அவர் சிங்கம் மாதிரி இருந்தபோது பைத்தியம் என்றவர்களும் இவர்களேதான்.

செக்‌ஷன் நண்பர்கள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று, "மனசைத் தைரியமா வச்சுக்கோ சிங்காரவேலு, எல்லாம் மனசுலதான் இருக்கு" என்று முறைவைத்துச் சொன்னார்கள். கண்ணகி டீயை நீட்டியபடி கேட்டாள்:

"ஏங்கண்ணா, பெல்ட்டு கிழிஞ்சா நீங்கள்லாம் இன்னா பண்ணுவீங்க? ஜாயின்ட்டு போடுவீங்களா, இல்ல சுத்தி நின்னுகினு தைரியமா இரு தைரியமா இருன்னு பெல்ட்டுகிட்டச் சொல்லிகினு இருப்பீங்களா?"

நண்பர்கள் டீயை ஊதி ஊதிக் குடித்தார்கள். கட்டிலில் படுத்திருந்தவரின் உதடு ஓரமாக ஒரு துளி அசைந்ததைக் கண்ணகி மட்டும் பார்த்தாள்.

மெல்ல மெல்லத்தான் தேறினார். ஒருநாள் தாமாகவே சவரம் செய்துகொண்டார். ஒருநாள் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தர முடியுமா என்று பார்த்து, கை நடுக்கத்தில் முடியாமல் வைத்துவிட்டார். மழைக்காலம் முடிகிறபோது வேலைக்கும் திரும்பினார். நைட் ஷிப்ட் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை நீட்டியபோது மேஜைக்குப் பின்னாலிருந்த அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்து, "கை கால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு? கட்டு எதுவும் காணோமே?" என்று கேட்டார். தலையில் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு போயிருந்தால் காரியம் உடனே முடிந்திருக்கும். பல தடவை நடந்த பிறகு பகல் நேர ஜெனரல் ஷிப்ட் கிடைத்தது. தூங்கினார், எழுந்தார், வேலைக்குப் போனார், வந்தார். குழம்பு எப்படி என்று கேட்டால் "நல்லாருக்கு" என்றார். "ம்" என்பதிலிருந்து அது ஒரு முன்னேற்றம்.

ஆனால் நலச் சங்கம் நொடித்துப்போயிற்று. கூட்டத்துக்கு மறுபடி மூன்று பேர். தலைவர் வந்தாலும் ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார். பிளாக் ரோட்டில் பள்ளம் விழுந்து கிடந்தது. பெரிய அதிகாரி ஒருவர் குறை கேட்க வருவதாகத் தகவல் வந்தது. செந்தில்நாதன் ஒரு சாயங்காலம் பழப்பையோடு சிங்காரவேலின் வீட்டுக்கு வந்தார். சுற்றி வளைத்துப் பருவநிலை, பேரன் படிப்பு எல்லாம் பேசிவிட்டுக் கண்ணகி பக்கம் சாய்ந்தார்.

"அம்மா, தப்பா எடுத்துக்கக்கூடாது. அதிகாரி வர்றார். நம்ம தலைவர் மட்டும் பழைய மாதிரி ஒரு அரைமணி பேசினார்னா போதும், ரோடு வந்துடும். அதான்... அந்த மாத்திரைய ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தா என்னன்னு... பொதுநலத்துக்காகத்தான். அப்புறம் டபுளா போட்டுக்கலாம்."

கண்ணகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து சிங்காரவேல் வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"சார், பள்ளத்துக்கு மண்ணடிக்கணும். என்னைத் தோண்டி அடிக்க முடியாது" என்றார்.

அவ்வளவுதான். எதுகை இல்லை, மோனை இல்லை. செந்தில்நாதன் அந்த வாக்கியத்துக்கு மேலும் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்துச் சற்று நேரம் நின்றார். மேலே ஒன்றும் வரவில்லை.

அவர் செருப்பை மாட்டப் போனபிறகு சிங்காரவேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "கண்ணகி, ஒண்ணு கேக்கட்டுமா? அப்ப நான் நல்லா இருந்தேன்ல? எல்லாரும் வந்தாங்க. நான் சொன்னா நடந்துது. இப்ப நெனச்சாலும் ஒரு மாதிரி ஏக்கமா இருக்குது."

அவள் பொய் சொல்லவில்லை. "நல்லாத்தான் இருந்தீங்க. நானும் பொண்ணுந்தான் நல்லா இல்ல."

அவர் தலையை ஆட்டினார். எழுந்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

வாசலில் செருப்பு மாட்டுகிற வேலை இன்னும் முடியவில்லை. கண்ணகி எட்டிப் பார்த்தாள். செந்தில்நாதன் படிக்கட்டில் யாரும் வருகிறார்களா என்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்த டாக்டர் போன் நம்பர் இருக்குமா?" என்றார். "எனக்கு இல்ல. தெரிஞ்சவர் ஒருத்தர். மார்பு அடைக்குது, செத்துப்போயிடுவோமோன்னு திடீர்னு பயம் வருதுங்கறார். ஹார்ட் டாக்டரைப் பார்த்தாச்சு, ஒண்ணுமில்லன்னுட்டார். கூட்டத்துல எழுந்து நின்னாலே வந்துடுதாம்."

கண்ணகி அவர் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. "இருக்குது சார். தங்கமான டாக்டர். தெரிஞ்சவரத் தைரியமாப் போகச் சொல்லுங்க" என்று நம்பரைச் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை சிங்காரவேலுக்கு ரத்தப் பரிசோதனை. லித்தியம் சாப்பிடுகிறவர்கள் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். இருவரும் கடலூர் போய்ச் சேர்ந்தபோது காத்திருக்கும் இடத்தில் பாதி நாற்காலிகள் நிறைந்திருந்தன. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மூலையில் ஒருவர் மட்டும் குரங்குக் குல்லாய் போட்டு, முகக் கவசம் கட்டி, அதற்கு மேல் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, விரித்த செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு வேஷத்தினால் அங்கிருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் செருப்பை அடையாளம் கண்டுகொண்ட கண்ணகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிங்காரவேல் அவளைப் பார்வையாலேயே அடக்கிவிட்டு, போய் அந்தக் குல்லாய்க்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

நர்ஸ் கதவைத் திறந்து, "வைத்திலிங்கம்!" என்று கூப்பிட்டாள். யாரும் எழவில்லை. "நெய்வேலி வைத்திலிங்கம் யாருங்க? போன்ல சொல்லி வச்சவரு!" யாரும் எழவில்லை. அவள் சலித்துக்கொண்டு அடுத்த பெயரைத் தேடினாள்.

சிங்காரவேல் பக்கத்து நாற்காலிக்காரரின் முழங்கையை மெல்லத் தொட்டார்.

"எழுந்திரிங்க சார். வைத்திலிங்கம் நீங்கதான்."